ஒரு குழந்தையின் மலப் பரிசோதனை

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தை ஒட்டிய சொவேட்டோவில், ஒரு மழலையர் காப்பகத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரை கிறிஸ் ஹானி பரக்வனாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு. இப்படி ஒரு கூட்டம் வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருந்தும் கொடுத்து, 'ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவது சுலபம். அங்கிருந்த மருத்துவர்கள் அப்படிச் செய்யவில்லை. மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுகாதாரத் துறைக்கும் தகவல் சொன்னார்கள். அன்றைக்கே ஆட்கள் காப்பகத்துக்குப் போய் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு வேறு வேறு கம்பெனிகளின் பொலோனி இருந்தது. அதிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

பொலோனி என்பது இறைச்சியை அரைத்துக் கூழாக்கி, உருளையாக அடைத்து வேகவைத்த இளஞ்சிவப்பு நிறப் பண்டம். விலை குறைவு. துண்டு போட்டு ரொட்டிக்கு நடுவில் வைத்தால் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு முடிந்தது. மறுபடி சமைக்க வேண்டியதில்லை. ஏழை வீடுகளில் அது அன்றாடம் புழங்கும் உணவு.

ஒன்பது பிள்ளைகளில் ஒரே ஒரு குழந்தையின் மலத்தில்தான் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளர்ந்தது. இரண்டு பொலோனித் துண்டுகளிலும் அது இருந்தது. மூன்றையும் தேசிய தொற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பி மரபணு வரிசையைப் படித்தார்கள். ஜனவரி 27 அன்று விடை வந்தது. மூன்றும் ஒரே வகை, எஸ்டி-6. நாடு முழுக்க லிஸ்டீரியா நோயாளிகளின் ரத்தத்தில் அதுவரை கண்டுபிடித்தவற்றில் பத்தில் ஒன்பது பங்கும் இதே எஸ்டி-6தான்.

இந்த ஒரு குழந்தையின் மலப் பரிசோதனையைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நான் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். கெட்டுப்போன, கிருமி கலந்த உணவால் பாதிக்கப்பட்டவர்கள் என்னைத் தேடி வரும்போது, சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது, எவ்வளவு கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்குள் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு லேப் சீட்டு வேண்டும். அதுதான் பெரும்பாலும் கையில் இருப்பதில்லை.

லிஸ்டீரியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வழக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் புரியும். மற்றக் கிருமிகள் பெரும்பாலும் குளிரில் அடங்கிக் கிடக்கும். இது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெல்ல மெல்லப் பெருகும். நல்ல உடம்புக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், ஆனால் நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்கு இறங்கிவிடும். கருச்சிதைவு ஆகலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்த சில நாளில் மூளைக்காய்ச்சல் வரலாம். சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோய் வெளிப்படலாம். எழுபது நாளுக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? என்னால் போன வாரத்தைக்கூடச் சொல்ல முடியாது.

முதல் சந்தேகமே பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்களிடமிருந்துதான் வந்தது. 2017 நடுவில், பிறந்த குழந்தைகளிடம் இந்த நோய் வழக்கத்தைவிட அதிகமாக வருகிறதே என்று அவர்கள் தகவல் சொன்னார்கள். டிசம்பரில் அரசு இதை நோய்ப்பரவல் என்று அறிவித்தது. எந்த உணவு என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். சொவேட்டோ குழந்தையின் முடிவு வந்த பிறகுதான் வழி திறந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் பொலக்வானே ஊரில் இருந்த எண்டர்பிரைஸ் ஃபுட்ஸ் தொழிற்சாலைக்குள் போய் 300க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுத்தார்கள். குறைந்தது 16 மாதிரிகளில் அதே எஸ்டி-6. டைகர் பிராண்ட்ஸ் என்ற பெரிய உணவுக் கம்பெனிக்குச் சொந்தமான தொழிற்சாலை அது. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொலெடி அதைப் பகிரங்கமாகச் சொன்னார். அன்றே சரக்கைத் திரும்பப் பெறும் உத்தரவு வந்தது. பக்கத்து நாடுகளும் இறக்குமதியை நிறுத்தின.

எல்லாம் எண்ணி முடித்தபோது, லேபில் உறுதியான நோயாளிகள் 1,060 பேர். இறந்தவர்கள் 216 பேர். உலகத்தில் பதிவான லிஸ்டீரியா பரவல்களில் இதுதான் மிகப் பெரியது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நோயுற்றவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து 28 நாள்கூட ஆகாத குழந்தைகள். அவர்கள் யாரும் பொலோனி சாப்பிட்டவர்கள் இல்லை.

அமைச்சர் சொன்ன மறுநாள், கம்பெனியின் தலைமை அதிகாரி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். இந்த மரணங்களுக்கும் எங்கள் பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக இதுவரை எங்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். நாடே கொதித்தது. எனக்கும் படிக்கும்போது கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு வழக்கறிஞராக அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் கிருமி இருந்ததா என்பது ஒரு கேள்வி. இந்தத் தாயின் குழந்தையைக் கொன்றது அங்கிருந்து போன பொட்டலமா என்பது வேறு கேள்வி. முதலாவதை அரசு நிரூபித்துவிடலாம். இரண்டாவதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். அடுத்த மாதம் கம்பெனி சுதந்திரமான லேபுக்கு அனுப்பிய மாதிரிகளிலும் எஸ்டி-6 இருப்பது உறுதியானது. அப்போதும் இரண்டாவது கேள்வி அப்படியேதான் இருந்தது.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் நுகர்வோர் பக்கம் நிற்கிற சட்டம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாத பொருளால் தீங்கு வந்தால் தயாரித்தவரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. கம்பெனி தரையைக் கழுவியதா, யார் மேற்பார்வை பார்த்தார் என்றெல்லாம் கிளற வேண்டாம். பொருள் கெட்டது, அதனால் எனக்குத் தீங்கு என்று காட்டினால் போதும். அந்த 'அதனால்' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாமே மாட்டிக்கொள்கிறது.

சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குகிறோம், இல்லாவிட்டால் குப்பையில் போடுகிறோம். உடம்புக்கு அதுதான் நல்லது, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் நோய் ஏற்கெனவே வந்துவிட்ட வீட்டில், அந்தப் பொட்டலத்தோடு சேர்ந்து சாட்சியமும் போய்விடுகிறது. எழுபது ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு பேட்ச் எண்ணை இழந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து என் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டது உண்மை, படுத்தது உண்மை, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் உண்மை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'வயிற்றுப்போக்கு' என்று ஒரே வார்த்தை. எந்தக் கிருமி என்று யாரும் பார்க்கவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் எதிர்த்தரப்பு வக்கீலிடம் என்ன வாதாடுவது? அன்றைக்கு வேறு எங்கேயும் சாப்பிடவில்லையா, தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று அவர் கேட்பார். கேட்பது அவர் வேலை.

தொடர்பை நிரூபித்தாலும் பணம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2008, 2009இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் வேர்க்கடலைப் பொருள்களில் சால்மொனெல்லா என்ற கிருமி இருந்தது. 46 மாநிலங்களில் 714 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அந்தக் கடலையைப் பயன்படுத்தி மற்றவர்கள் செய்த ஆயிரக்கணக்கான பண்டங்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2009 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது. பாதிக்கப்பட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்ள மிஞ்சியது காப்பீட்டிலிருந்து வந்த 1 கோடியே 20 லட்சம் டாலர். உரிமையாளர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. தெரிந்தே அனுப்பினார் என்பது அவருடைய மின்னஞ்சல்களிலேயே இருந்தது. தண்டனை பெரியதுதான். ஆனால் சிறைத்தண்டனையிலிருந்து யாருடைய மருத்துவச் செலவையும் கட்ட முடியாது.

சரி, நம் நாட்டுக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், உணவால் மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்பு என்றால் 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை என்று இழப்பீடு சொல்லியிருக்கிறது. கெட்ட உணவால் சிறுநீரகம் போன ஒருவருக்கு உச்சவரம்பு 3 லட்சம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்வார்கள். இது தவிர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளுக்கான பொறுப்பு பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

வாங்கிய உணவைப் பணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அது 40ஆம் பிரிவு. ஆனால் சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கப் போகிறவர் யாராவது அப்படிச் சொல்வார்களா? ஆகவே நடைமுறையில் உங்களுக்கு இருக்கும் வழி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்து, அவரை மாதிரி எடுக்க வைப்பதுதான். அதையும் உடனே செய்ய வேண்டும். ஒரு வாரம் போனால் அந்த பேட்ச் கடையில் இருக்காது.

வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சலும் பேதியும் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னால் மலத்தையும், தேவைப்பட்டால் ரத்தத்தையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி சிக்காமல் போகலாம். மிச்சம் இருக்கும் உணவை உறையோடு இரண்டு கவரில் சுற்றி, 'சாப்பிடாதீர்கள்' என்று பெரிதாக எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். பேட்ச் எண், தேதி, பதினான்கு இலக்க உரிம எண் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பில்லை எடுத்து வையுங்கள். பிரிக்காத பொட்டலம் அதே பேட்சில் இன்னொன்று இருந்தால் அதுதான் இன்னும் நல்லது. பிரித்த பொட்டலத்தை, உங்கள் சமையலறையில்தான் கெட்டது என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

அப்புறம், டைகர் பிராண்ட்ஸ் மேல் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட தென்னாப்பிரிக்க வழக்கு. 2018 டிசம்பர் 3 அன்று ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை ஒரு கூட்டு வழக்காக நடத்த அனுமதித்தது. நோயுற்றவர்கள், வயிற்றில் இருக்கும்போதே பாதிக்கப்பட்ட குழந்தைகள், இறந்தவர்களை நம்பியிருந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்கு. முதலில் பொறுப்பு யாருடையது என்பது, பிறகு யாருக்கு எவ்வளவு என்பது என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். கம்பெனி, லேப் ஆவணங்களையும் மற்ற இறைச்சி உற்பத்தியாளர்களின் பரிசோதனை விவரங்களையும் கேட்டு அழைப்பாணை அனுப்பியது. அவற்றைக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்ற தகராறு மட்டுமே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2022 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது.

2025 ஏப்ரலில் காப்பீட்டாளர் தரப்பிலிருந்து சமரசத் தொகை தர முன்வந்தார்கள். அதுவும் யாருக்கு என்றால், எஸ்டி-6 வகையால் நோய் வந்தது என்று உறுதியானவர்களுக்கு. 2017இல் நோயோடு பிறந்து பிழைத்த குழந்தைகளுக்கு அப்போது ஏழு, எட்டு வயது. பிறந்த வாரத்திலேயே அவர்களின் ரத்தத்தை எடுத்து லேபுக்கு அனுப்பி வைத்த மருத்துவர்கள் இருந்ததால், அவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் வர முடிந்தது.

வணக்கம்.