டவாலி கூப்பிடாத கோர்ட்

நேயர்களுக்கு வணக்கம். நான் வக்கீல் இல்லை, நீதிபதியும் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். சிரஸ்தார் என்றால் பலருக்குத் தெரியாது. ஒரு வழக்கின் தாள்கள் நீதிபதியின் மேஜைக்குப் போவதற்கு முன்னால் புரட்டிப் பார்க்கிற ஆள். நீதிமன்றக் கட்டணம் சரியா, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா, கெடு தாண்டிவிட்டதா என்று பார்த்து, குறை இருந்தால் ‘ரிட்டர்ன்’ என்று எழுதித் திருப்பிவிடுவார். வக்கீல் குமாஸ்தாக்கள் என்னை முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

நீதிமன்றம் வீட்டுக்கே வந்துவிட்டது என்கிறார்களே, அதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு சத்தத்தில் இருந்துதான் தொடங்குகிறது. காலை பத்தரை மணிக்கு நீதிபதி வந்து உட்கார்ந்ததும், டவாலி, அதாவது நீதிபதியின் சேவகர், வராந்தாவுக்கு வந்து பெயரைக் கூப்பிடுவார். மூன்று முறை. ஆலமரத்தடியில் டீ குடிக்கிறவருக்கும் கேட்க வேண்டும். கேட்காமல் போனால் என்ன ஆகும்? வாதி வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி. பிரதிவாதி வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு. கிரிமினல் வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வரவில்லை என்றால் பிடிவாரண்ட். அந்த மூன்று கூப்பாட்டில் நிலம் போனவர்கள் உண்டு. ஆகவே கோர்ட் ஆன்லைனுக்குப் போகிறது என்றதும் எனக்கு வந்த முதல் சந்தேகம் இதுதான்: இனிமேல் யார் கூப்பிடுவார்கள், அது யாருக்குக் கேட்கும்?

2020 மார்ச்சில் எல்லாம் ஒரே வாரத்தில் நின்றது. ஊரடங்கில் கட்டடத்தைப் பூட்டிவிடலாம், கெடுவைப் பூட்ட முடியாதே. அப்பீல் போட இத்தனை நாள், பதிலுரை போட இத்தனை நாள் என்று சட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் மார்ச் 23ஆம் தேதி தானாக முன்வந்து ஓர் உத்தரவு போட்டது. மார்ச் 15 முதல் அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தது. அதைப் பல தடவை நீட்டித்து, கடைசியில் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. ஏறக்குறைய இரண்டு வருஷம்! கெடு தாண்டியதா என்று விரல்விட்டு எண்ணியே சம்பளம் வாங்கிய எனக்கு அது ஓர் அதிசயம்.

அடுத்து ஏப்ரல் 6ஆம் தேதி, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவின் கீழ் இன்னோர் உத்தரவு. காணொலி வழியாக எல்லா நீதிமன்றங்களும் விசாரிக்கலாம் என்றது. அதில் பலர் கவனிக்காமல் விட்ட வரிகள் இரண்டு. காணொலி வசதி இல்லாத வழக்காடிகளுக்கு நீதிமன்றமே அந்த வசதியைச் செய்து தர வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஒழிய சாட்சியத்தைக் காணொலியில் பதிவு செய்யக் கூடாது.

நான் இருந்த நீதிமன்றத்தில் முதல் நாள் ஜாமீன் மனுக்கள் எடுத்தார்கள். அரசு வழக்கறிஞர் காரில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டு மாடியில், கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை எல்லாம் சரியாக அணிந்து, பின்னால் காயப்போட்ட துணியோடு தெரிந்தார். சேவல் கூவியது. யாருடைய சேவல் என்று கடைசிவரை தெரியவில்லை. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வக்கீல் 2021இல் பூனைக்குட்டி முகத்தோடு திரையில் வந்து “நான் பூனை இல்லை” என்று நீதிபதியிடம் சொன்னாரே, அந்தக் கூத்து எங்களுக்கு வரவில்லை. அதுவரைக்கும் நல்லது.

ஆனால் வேலை நடந்தது. இதை மனசாரச் சொல்கிறேன். ஜாமீன் மனு, இடைக்கால மனு, சட்டப் பிரச்சினையை மட்டும் வாதாடுகிற அப்பீல் ஆகியவற்றுக்கு ஆள் நேரில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து நிமிட வாதத்துக்காக நாகர்கோவிலில் இருந்து ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்கு வந்து, “இரண்டு வாரம் தள்ளி வைக்கப்படுகிறது” என்று கேட்டுவிட்டுத் திரும்பிய வக்கீல்களை எனக்குத் தெரியும். வாய்தா வாங்குவதற்கு எதற்கு ஐயா பஸ்?

நாகர்கோவில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2022 மே மாதம் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கோயில் தேரோட்டத்தை நடத்தக் கூடாது என்று அறநிலையத்துறை ஆய்வாளர் தடுத்துவிட்டார். அதற்குச் சில வாரம் முன்புதான் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் தேர். பரம்பரை அறங்காவலர் அவசரமாக உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அப்போது நாகர்கோவிலில் இருந்தார். அங்கிருந்தே வாட்ஸ்அப் காணொலியில் வழக்கைக் கேட்டார். வக்கீல் ஓரிடம், அரசுத் தலைமை வழக்கறிஞர் இன்னோரிடம். தடுக்கிற அதிகாரம் ஆய்வாளருக்கு இல்லை என்று உத்தரவு வந்தது, பாதுகாப்பு விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. தேர் ஓட வழி பிறந்தது. நேரில்தான் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் தேர்த் தேதி போன பிறகு தீர்ப்பு வந்திருக்கும்.

சரி, இது எல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்தது என்று நினைக்காதீர்கள். 2003லேயே உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில், அமெரிக்காவில் இருக்கிற மருத்துவரின் சாட்சியத்தைக் காணொலியில் பதிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. எதிரியின் முன்னிலையில் சாட்சியம் என்று சட்டம் சொல்கிற ‘முன்னிலை’, ஒரே அறையில் உடம்போடு இருப்பது மட்டும் அல்ல என்றார்கள். இன்றைக்கு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகன் அங்கிருந்தே சாட்சி சொல்ல முடிவதற்கு வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 530ஆவது பிரிவு, விசாரணை முழுவதையுமே மின்னணு முறையில் நடத்தலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

இங்கேதான் எனக்கு மனசு இடிக்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பார் தெரியுமா? பெரும்பாலும் தன்னைக் கூட்டிவந்தவரை. முப்பது வருஷம் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். திரையில் அந்தக் கூட்டிவந்தவர் காமிராவுக்குப் பின்னால் இருப்பார், நமக்குத் தெரிய மாட்டார். இதை விதி எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள். சாட்சி இருக்கிற இடத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும், யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது காணொலி விசாரணைக்கான மாதிரி விதி. வெளிநாடு என்றால் நமது தூதரக அதிகாரி, சிறை என்றால் கண்காணிப்பாளர். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு லைன் சரியில்லை என்பார்கள். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் மட்டும் லைன் எப்படித்தான் சரியில்லாமல் போகிறதோ!

குடும்ப வழக்கில் இந்தத் தடுமாற்றம் உச்ச நீதிமன்றத்துக்கே இருந்தது. 2017 மார்ச்சில், கணவனும் மனைவியும் வேறு வேறு ஊரில் இருந்தால் காணொலியில் நடத்திக்கொள்ளலாம் என்றது ஓர் அமர்வு. அதே வருஷம் அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. சமரசப் பேச்சு தோற்ற பிறகு, இருவரும் சம்மதித்தால் மட்டுமே காணொலி என்றது. மறுத்து எழுதியவர் நீதிபதி சந்திரசூட். கைக்குழந்தையோடு நூறு மைல் அலைகிற பெண்ணுக்குக் காணொலி பெரிய உதவி என்பதும் உண்மை. இருவரும் ஒரே பெஞ்சில் அரை மணி நேரம் காத்திருந்ததில் மனசு மாறிக் கையெழுத்துப் போடாமல் போன ஜோடியை நான் கண்டிருக்கிறேன் என்பதும் உண்மை. எது பெரிது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சிறைக்காவல் நீட்டிப்பு வேறு கதை. முதல் தடவை கைதியை நேரில் கொண்டுவர வேண்டும், அதற்குப் பின் திரையில் காட்டலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. காவல் துறைக்கு நிம்மதி. வழிக்காவலுக்கு ஆள் வேண்டாம், வேன் வேண்டாம், தப்பி ஓடுகிற பயம் இல்லை. ஆனால் முன்பெல்லாம் அந்த வாய்தா நாளில் மனைவி வாழை இலையில் சோறு கட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்பாள். பெற்ற பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். போலீஸ்காரர் நல்லவராக இருந்தால் இரண்டு நிமிஷம் கண்டும் காணாமல் திரும்பிக்கொள்வார். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. திரை வந்ததும் அது போய்விட்டது. தன்னை அடித்தார்கள் என்று நீதிபதியிடம் சொல்ல நினைக்கிற ஆள், சிறை அதிகாரி பக்கத்தில் நிற்கிற அறையில் திரையைப் பார்த்துச் சொல்வாரா?

இனி நம்ம பக்கம், அதாவது தாக்கல். இ-ஃபைலிங் வந்தபோது, இனி வக்கீல் ராத்திரி பன்னிரண்டு மணி வரை வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம் என்றார்கள். முன்பு மாலை கவுண்டர் மூடுவதற்குள் வழக்குத் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்கியபடி “சார், கடைசி நாள் சார்” என்று கெஞ்சிய குமாஸ்தாக்களை நினைத்தால் இது எவ்வளவோ மேல். கட்டு தொலைந்து போவதும் நின்றது. கட்டு ‘தொலைவது’ எப்படி என்று விளக்கமாகச் சொன்னால் என் ஓய்வூதியம் பாதிக்கும்.

ஆனால் நடந்தது என்ன? தட்டச்சு செய்த தாளில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, பக்க எண் போட்டு, ஆதார் ஓடிபி வழியாகவோ டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வழியாகவோ ஒப்பமிட்டு, கட்டணத்தை ஆன்லைனில் கட்டி ஏற்ற வேண்டும். புரோ நோட்டு, உயில் மாதிரியான அசலை எப்படியும் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது காட்ட வேண்டும். ஸ்கேன் சாய்ந்திருந்தால் ரிட்டர்ன். சர்வர் தூங்கினால் காத்திரு. சின்ன ஊரில் வக்கீல் அலுவலகத்தில் இத்தனைக்கும் வசதி ஏது? ஆகவே கோர்ட் வாசலில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பக்கத்துக்கு இவ்வளவு, ஏற்றித் தர இவ்வளவு. நான் சம்பளத்துக்குச் செய்த சரிபார்ப்பில் பாதியை இப்போது ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கூலிக்குச் செய்கிறான், காசு கொடுப்பது வழக்காடி. கவுண்டர் எங்கேயும் மறைந்துவிடவில்லை, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டில் இ-ஃபைலிங் கட்டாயம் என்றபோது வக்கீல் சங்கங்கள் கோர்ட்டைப் புறக்கணித்துப் போராடியதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் இந்தத் தெருவைக் கடந்து பார்க்கவில்லை.

இதற்கு மருந்தாக நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்து ஏற்றித் தருவது, வழக்கு நிலை சொல்வது, காணொலியில் சேர உதவுவது எல்லாம் அவர்கள் வேலை. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் ஒரு பங்கு இந்த மேஜைகளுக்கு ஒழுங்காக ஆள் போடப் போனாலே போதும். கணினி வாங்க எப்போதும் பணம் இருக்கும். அதன் முன்னால் உட்காருகிற ஆளுக்குத்தான் பணம் வராது.

தொலைவில் இருந்து நடப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி தந்தது ஜாமீன் உத்தரவுதான். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் ஆக்ரா சிறையில் 13 பேரை நாள் கணக்கில் விடவில்லை. காரணம், உத்தரவின் நகல் வந்து சேரவில்லையாம். தலைமை நீதிபதி ரமணா, இந்தக் காலத்திலும் உத்தரவு கொண்டுவரும் புறாவைத் தேடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சலித்துக்கொண்டார். 2022 மார்ச் 31இல், உத்தரவைப் பாதுகாப்பாக மின்வழியில் சிறைக்கு அனுப்பும் ‘ஃபாஸ்டர்’ என்ற ஏற்பாடு வந்தது. 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி போனார்கள். எந்த நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே வரவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருந்தால், இந்த ஏழு நாளை ஞாபகம் வையுங்கள்.

அப்புறம் இரண்டு விஷயம். உங்கள் வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் என்ற அடையாளம் உண்டு. வக்கீலிடம் கேட்டு வாங்கி வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம். இன்னொன்று, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், காணொலியில் சேர விரும்புகிற வக்கீலுக்கோ வழக்காடிக்கோ எந்த உயர் நீதிமன்றமும் மறுக்கக் கூடாது என்றது. ஆகவே இணைப்பு கேட்பது சலுகை கேட்பது அல்ல.

எனக்கே ஒரு வரப்புத் தகராறு வழக்கு இருக்கிறது. போன முறை காணொலியில் சேர்ந்தேன். பத்தரைக்கு உள்ளே போனவன், காத்திருக்கவும் என்ற எழுத்தையே ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்தேன். வராந்தாவாக இருந்தால் யாராவது “ஐயா இன்னும் பொங்கல் சாப்பிட்டு முடிக்கலை” என்று நிலவரம் சொல்லியிருப்பார்கள். இங்கே சொல்ல ஆள் இல்லை. கண் அசந்த நேரம் பார்த்து போனில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவைதான். சடாரென்று எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். திரையில் என் வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கும். சமையலறையில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

வணக்கம்.