குதிரை போகப் போகிறது! | அமெரிக்க ரயில் கம்பெனிப் பெயர்கள் பற்றி ஒரு புலம்பல்

வணக்கம் மக்களே! இன்றைக்கு டிராக் பக்கம் போகவில்லை. வெளியே மழை, கேமராவுக்கு ஆகாது. அதனால் உட்கார்ந்து பேசுகிற வீடியோதான். பின்னால் இருக்கிற அலமாரியை இன்னும் அடுக்கவில்லை. தெரியும், அதற்கு யாரும் கமென்ட் போட வேண்டாம்.

முதலில் இதைப் பாருங்கள். கறுப்புத் தொப்பி. முன்பக்கம் வெள்ளை நூலில் குதிரை, கூடவே நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்கு ரயில் கம்பெனியின் பெயர். எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்? 42 டாலர்! நம் ஊர்ப் பணத்தில் 3,500 ரூபாய்க்கு மேல். போன சனிக்கிழமை மாடல் ரயில் கண்காட்சிக்குப் போனேன் இல்லையா, அங்கே ஒரு மேசையில் வைத்திருந்தார்கள். ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "இந்தக் கம்பெனியே போகப் போகிறது, அப்புறம் 100 டாலர் கொடுத்தாலும் கிடைக்காது" என்கிறார். கம்பெனி போகிறதாம், அதனால் தொப்பி விலை ஏறுகிறதாம். நான் விடுவேனா? உள்பக்கம் ஒரு நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதையே காட்டிக் காட்டி 35-க்குக் கொண்டுவந்தேன். ரங்கநாதன் தெருவில் பழகிய வாய் சும்மா இருக்குமா? 7 டாலர் மிச்சம்! பார்க்கிங்கில் 10 டாலர் பிடுங்கிவிட்டார்கள், அது தனிக் கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். 2025 ஜூலை 29 அன்று யூனியன் பசிஃபிக் ரயில் கம்பெனி நம் நார்ஃபோக் சதர்னை வாங்கப் போவதாக அறிவித்தது. 8,500 கோடி டாலர் பேரம். இரண்டும் சேர்ந்தால் 43 மாநிலங்கள், 50,000 மைலுக்கு மேல் தடம். ரயில் கம்பெனி இணைப்புகளுக்கு அனுமதி தருகிற அரசு அமைப்பு, சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டு, சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பெயர் யூனியன் பசிஃபிக், தலைமையகம் ஒமாஹா. அட்லாண்டாவில் இருக்கிற நாங்கள் எல்லாம் இதுவரை "நம்ம ஊர்க் கம்பெனி" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

யூனியன் பசிஃபிக் பெயரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 1862-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் வந்த பெயர். பெரிய கம்பெனிகளில் இத்தனை வருடம் பெயர் மாற்றாமல் ஓடுகிறது என்றால் அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சவானா துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஜார்ஜியாவின் உள்பகுதிக்கு வருகிற கூட்ஸ். ஏற்றின இடம் அட்லாண்டிக் கரை. என்ஜினில் எழுதியிருப்பது பசிஃபிக். அட்லாண்டா பக்கத்து டுலூத் கேட்டில் நின்று அதைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும்?

இங்கே ஒருவர் உடனே வருவார், எனக்குத் தெரியும். "ஃப்ரிஸ்கோ கம்பெனி சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் போனதா?" என்பார். போகவில்லை! செயின்ட் லூயிஸ் சான் ஃப்ரான்சிஸ்கோ ரயில்வே என்று பெயர் வைத்துக்கொண்டு டெக்சாஸைத் தாண்டி மேற்கே போனதே இல்லை. சான்டா ஃபே கம்பெனியின் மெயின் லைன் சான்டா ஃபே ஊருக்குள் நுழையாது. லேமி என்ற இடத்தில் இறங்கிக் கிளைத் தடத்தில் போக வேண்டும். எல்லாம் பொய்தான். ஆனால் அது ஆசையில் சொன்ன பொய். நான் அங்கே வரைக்கும் போவேன் என்று சொல்லி ஷேர் விற்று, தடம் போட்டு, பாதியில் காசு தீர்ந்து நின்றுபோனவர்கள். அந்தப் பெயரைப் பார்த்தாலே எங்கே போக நினைத்தார்கள் என்று மேப்பில் விரல் வைத்துக் காட்டலாம். அதை நான் மன்னிப்பேன். எனக்கு ஆகாதது வெறும் எழுத்து.

ஆமாம், சிஎஸ்எக்ஸ் ரயில் கம்பெனி. பழைய வீடியோ பார்த்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

1980-இல் செஸ்ஸி சிஸ்டமும் சீபோர்டு கோஸ்ட் லைனும் சேர்ந்தன. செஸ்ஸி என்றால் பூனை. 1933-இல் செசபீக் அண்டு ஒஹாயோ கம்பெனி தன் தூங்கும் பெட்டிக்கு விளம்பரம் போட்டது. தலையணையில் தலை வைத்து ஒரு பூனைக்குட்டி தூங்குகிற படம். அந்தக் குட்டிக்கு செஸ்ஸி என்று பெயர் வைத்து, ஊரே கொண்டாடி, கடைசியில் கம்பெனிக் குழுமத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. சி எழுத்துக்குள் பூனைக்குட்டியின் நிழல், மஞ்சள் பெயிண்ட். எவ்வளவு அழகு! அந்தப் பக்கம் சீபோர்டு, பெயரைக் கேட்டாலே கடற்கரையோரம் ஓடுகிற தடம் கண்ணுக்குள் வரும். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்தார்கள்? சி, எஸ், அப்புறம் ஒரு எக்ஸ். இணைப்பு விண்ணப்பத்தில் எழுத ஏதாவது ஒன்று வேண்டும் என்று தற்காலிகமாக வைத்தது. அதுவே நிலைத்துவிட்டது. எக்ஸ் எதற்கு? பெருக்கல் குறியாம். சேர்ந்தால் பல மடங்காம். பூனையை விரட்டிவிட்டுப் பெருக்கல் குறி வைத்திருக்கிறார்கள்!

அந்த எக்ஸால் அவர்களுக்கே தொல்லை, அது தெரியுமா? இங்கே ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சொந்தக்காரரின் எழுத்துக்குறி இருக்கும். கடைசி எழுத்து எக்ஸ் என்றால் அந்தப் பெட்டி ரயில் கம்பெனியுடையது இல்லை, வாடகைக்கு விடுகிற கம்பெனியோ தனியார் ஆலையோ வைத்திருப்பது என்று அர்த்தம். டேங்கர்களில் நிறையப் பார்க்கலாம். ஆக இவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் சிஎஸ்எக்ஸ் என்று மட்டும் எழுத முடியாது. பின்னால் ஒரு டி சேர்த்து சிஎஸ்எக்ஸ்டி என்று எழுதுகிறார்கள். அடுத்த முறை கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பாருங்கள்.

இவர்கள் விழுங்கினது யாரை? பால்டிமோர் அண்டு ஒஹாயோவும் அதில் ஒன்று. 1827-இல் ஆரம்பித்தது. பொதுமக்களுக்கும் சரக்குக்கும் என்று இந்த நாட்டில் முதன்முதலில் வந்த ரயில் கம்பெனி. மோனோபலி விளையாட்டில் பி அண்டு ஓ என்று இருக்குமே, அதேதான். 1987-இல் அந்தப் பெயரைத் துடைத்துவிட்டு எக்ஸ் ஒட்டினார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன், அந்தத் தொப்பி மேசைக்குத் திரும்பப் போகிறேன். பக்கத்திலேயே சிஎஸ்எக்ஸ் தொப்பியும் இருந்தது. 15 டாலர். ஒரு அடுக்கு முழுக்க அப்படியே இருக்கிறது, ஒருத்தரும் தொடவில்லை! இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பிஎன்எஸ்எஃப் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். பாதி பரவாயில்லை. பர்லிங்டன் நார்தர்னும் சான்டா ஃபேயும் 1995-இல் சேர்ந்தபோது முழுப் பெயரை அடுக்கி எழுதினார்கள். நீளம்தான், ஆனால் யார் யார் பிள்ளை என்று தெரிந்தது. 2005-இல் அதையும் சுருக்கி பிஎன்எஸ்எஃப் ரயில்வே என்று அதிகாரபூர்வமாகவே மாற்றிவிட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் நேரம் காலம் இல்லாத டியூட்டியை நொந்து, "குடும்பம் என்று ஒன்றை ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்" என்று அந்த நாலு எழுத்துக்கு விளக்கம் சொல்வார்கள். கம்பெனி கொடுத்த அர்த்தத்தை விட அதுதான் மனதில் நிற்கிறது.

அப்புறம் சிபிகேசி. கனேடியன் பசிஃபிக்கும் கேன்சஸ் சிட்டி சதர்னும் சேர்ந்து வந்த கனேடியன் பசிஃபிக் கேன்சஸ் சிட்டி. என் தங்கை போனில் கேட்டுவிட்டு "சிக்கன் கடையா?" என்றாள். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றையும் ஒரே தடத்தில் இணைக்கிற ஒரே கம்பெனி. ஆனால் பெயரில் மெக்சிகோ எங்கே? கேன்சஸ் சிட்டி சதர்ன் என்பதில் தெற்கே போகிறேன் என்று சொல்கிற அந்த சதர்ன் ஒன்றுதான் மெக்சிகோ பக்கம் கை காட்டியது. அதைப் பார்த்து வெட்டிவிட்டார்கள். கேன்சஸ் சிட்டி சதர்ன் என்ஜின்களில் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்த, சதர்ன் பெல் என்று சொல்கிற பெயிண்டும் போகிறது. இணைப்பு முடிந்த நாள் எது தெரியுமா? 2023 ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டு! நம் தெற்கு ரயில்வே பிறந்ததும் 1951 ஏப்ரல் 14-தான். இதில் ஒன்றும் இல்லை, சும்மா சொல்ல வேண்டும் போல இருந்தது.

இதற்கு ஒரு கமென்ட் நிச்சயம் வரும். "அண்ணா, நாமே இனிஷியல் போட்டுக்கொள்கிற ஆட்கள், இனிஷியலைத் திட்டலாமா?" தம்பி, நமக்கு இனிஷியல் முன்னால் வரும், பின்னால் பெயர் என்று ஒன்று இருக்கும். இங்கே இனிஷியலை மட்டும் வைத்துக்கொண்டு பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். மெட்ராஸில் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் எம்எஸ்எம் என்றுதான் சொல்வார்கள், சரி. ஆனால் போர்டில் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராத்தா என்று முழுசாக இருந்தது. சுருக்கியது ஜனங்கள். சிஎஸ்எக்ஸை ஜனங்களா சுருக்கினார்கள்?

நார்ஃபோக் சதர்ன் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். 1982-இல் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்னும் சதர்ன் ரயில்வேயும் சேர்ந்தன. ஆமாம், இந்த ஊரிலும் ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது, பச்சை என்ஜினோடு. இதில் ஒரு சொல், அதில் ஒரு சொல், முடிந்தது. வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. அதை சதர்ன் 1974-இலேயே வாங்கி வைத்திருந்தது. அதனால் பெயர் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. செலவில்லாத வேலை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. இதே மாதிரி ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட். 1895-இல் வைத்த பெயர், இப்போதைய சொந்தக்காரர் மெக்சிகோ குழுமம், பெயரில் கை வைக்கவில்லை. எந்த மாநிலம், எந்தக் கரை, எல்லாம் அதிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு ஆலோசகருக்குக் காசு?

இன்னொரு வேடிக்கை. பழைய பெயரைத் துடைத்த அதே கம்பெனிகள்தான் இப்போது அதே பெயரைப் பெயிண்ட் அடித்து ஓட்டுகின்றன. நார்ஃபோக் சதர்ன் தன் 30-ஆவது வருடத்துக்கு 2012-இல் 20 என்ஜின்களுக்குப் பழைய கம்பெனிகளின் நிறம் அடித்தது. திவாலான பென் சென்ட்ரலுக்குக் கூட ஒன்று! அந்தப் பின்னிக்கிடக்கிற பி-யும் சி-யும் இரண்டு புழு இணைசேர்வது போல இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள், குழந்தைகள் பார்க்கிற வீடியோ, அதோடு விடுகிறேன். சிஎஸ்எக்ஸும் 2023-இல் ஆரம்பித்தது. முதல் என்ஜினுக்கு நம்பர் 1827, பால்டிமோர் அண்டு ஒஹாயோ. ஆனால் டிரைவர் உட்காருகிற முன்பக்கத்தைத் தங்கள் நிறத்திலேயே விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் பழைய பெயிண்ட். மேலே கோட்டு, கீழே லுங்கி.

அய்யோ, முக்கியமானதைச் சொல்லவே இல்லை! நார்ஃபோக் சதர்னின் அந்த 20 என்ஜின்களில் ஒன்றான 8099 என் கேமராவுக்குக் கிடைத்துவிட்டது! சதர்ன் ரயில்வே பச்சை, தங்கக் கோடு, வண்டியின் முன்னால் முதல் என்ஜினாக. எத்தனை பேர் கேட்டிருந்தீர்கள்! டுலூத் ரயில் மியூசியம் பக்கம், சாயங்கால வெயில், ஹார்ன் கேட்டபோது நான் கையில் முறுக்கு வைத்திருந்தேன். முறுக்கைக் காருக்கு மேலே வைத்துவிட்டு எடுத்தேன். கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனால் சதர்ன் என்ற எழுத்து முழுசாகத் தெரிகிறது. கிளிப்பை இந்த வீடியோவின் கடைசியில் போடுகிறேன், பாதியில் ஓடிவிடாதீர்கள். முறுக்கு போய்விட்டது, எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

யூனியன் பசிஃபிக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. பெயிண்ட் டப்பாவை இப்போதே திறந்துவிடாதீர்கள். 1980-களில் சதர்ன் பசிஃபிக்கும் சான்டா ஃபேயும் சேரப் போகிறோம் என்று சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் என்ஜின்களுக்குப் பெயிண்ட் அடித்தன. ஒரு கம்பெனி எஸ்பி என்று எழுதிப் பக்கத்தில் இடம் விட்டது, இன்னொன்று எஸ்எஃப் என்று எழுதி முன்னால் இடம் விட்டது. சம்மதம் வந்ததும் மீதி எழுத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்று. 1986-இல் அரசுக் கமிஷன் முடியாது என்று சொல்லிவிட்டது. காலி இடத்தோடு அந்த என்ஜின்கள் வருடக்கணக்கில் ஓடின. எஸ்பிஎஸ்எஃப் என்றால் "இவ்வளவு அவசரமாகப் பெயிண்ட் அடித்திருக்கக் கூடாது" என்று ரசிகர்கள் அப்போதே கிண்டல் செய்தார்கள். இங்கிலீஷில் அந்த நாலு எழுத்துக்கும் அச்சாகப் பொருந்தும், யோசித்துப் பாருங்கள்.

கீழே உங்களுக்குப் பிடித்த கம்பெனிப் பெயரை எழுதுங்கள். சிஎஸ்எக்ஸ் என்று எழுதினால் பின் செய்து எல்லாருக்கும் காட்டுவேன். அடுத்த வாரம் ஃபோக்ஸ்டன் போகிறேன், ஃப்ளோரிடா எல்லைக்குப் பக்கத்தில், ரயில் பார்க்கிறவர்களுக்காகவே மேடை கட்டி வைத்திருக்கிற ஊர். நாள் முழுக்க வண்டி வரும். அவ்வளவும் சிஎஸ்எக்ஸ் தடம்தான், என்ன செய்வது, போய்த்தான் ஆக வேண்டும். கிளிப் இதோ.