புழு சுரக்கும் புரதமும் பூட்டிய கதவும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றித் தாராளமாகப் பேசிவிட்ட நூலகர் அவர்களே, மழை தூறியும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவக் கண்மணிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்குவது முறையல்ல. செம்மண்டலத்திலிருந்து திருவந்திபுரம் வரை அவர் கால் படாத மாட்டுக்கொட்டகை கிடையாது. நடுராத்திரியில் கன்று மாட்டிக்கொண்டது என்று ஆள் அனுப்பினாலும் டார்ச் லைட்டோடு வந்து நிற்பார். நாய்க்குட்டிகள் கொக்கிப்புழுவால் வெளிறிப்போய்ச் சாவதை நம்மில் அதிகம் பார்த்தவர் அவர்தான். அம்மையார் அவர்களும் பல வேலைகளுக்கு நடுவே வந்திருக்கிறார். அவரிடம் கடைசியில் ஒன்று கேட்கப் போகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், எழுந்து போய்விடக் கூடாது.

மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம் உடம்புக்குள் வாழும் புழுக்கள் எதைச் சுரக்கின்றன, அந்தச் சுரப்பு நம் செல்களிடம் என்ன செய்கிறது, அதிலிருந்து மருந்து எடுக்க முடியுமா, இந்த மூன்றுதான்.

என் பாட்டி அடிக்கடி சொல்வார்: "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே." என் கூட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனால் புழுவைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழமொழியை விட்டு எங்கே போவது? நம் ரத்தத்தையே உண்டு, நம் காவலையே மயக்கி, நம்மையே வெளிறச் செய்கிற ஜீவன் அது.

யானைக்கால் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். நிணநீர்க் குழாய்க்குள் ஐந்தாறு வருஷம் குடியிருக்கும். ஒரு சின்ன முள் தைத்தாலே சீழ் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிற உடம்பு, விரல் நீளப் புழுவை ஏன் விட்டுவைக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் புழுக்கள் பக்கம் இழுத்தது. அதற்குப் பதில் சொல்லும் முன் முதுநகரில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது மாமா வீடு கடலூர் முதுநகரில் இருந்தது. கோடைக்காலம். மாமா திண்ணையில் படுத்திருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் ஒருவர் வந்து, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டிருக்கிறார். மாமா எழவில்லை. சரி, விரலைப் பிடித்து எழுப்பலாம் என்று தொட்டிருக்கிறார். மாமா கண் விழித்தால் எதிரே ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பளபளவென்று ஊசி! "திருடன்! திருடன்!" என்று போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. ஒருவர் உலக்கையோடு வந்தார், ஒருவர் துடுப்போடு வந்தார். எங்கள் அத்தை அரிவாள்மணையோடு ஓடி வந்தார். அந்த மனிதர் விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டு, "நான் ஃபைலேரியா ஆபீஸ் ஐயா, ரத்தம் எடுக்க வந்தேன்" என்று பெட்டியைத் திறந்து கண்ணாடித் துண்டுகளைக் காட்டுகிறார். ரத்தம் எடுக்க வந்தேன் என்றதும் கூட்டத்துக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது!

அப்போது எதிர்வீட்டு ஆயா வந்தார். இரண்டு காலும் வீங்கி, தோல் தடித்து, நாலு அடி வைக்கவே சிரமப்படுபவர். அந்தக் காலை இழுத்து இழுத்து நடுத்தெருவுக்கு வந்து, "அவனை விடுங்கடா. எனக்கு இது ஆரம்பிச்சப்ப ஒருத்தனும் வந்து பார்க்கல. இப்ப தேடி வந்தவனை அடிக்கப் போறீங்களா? எல்லாரும் விரலை நீட்டுங்க" என்றார். உலக்கை சுவரில் சாய்ந்தது, துடுப்பு கீழே போனது. முதல் விரல் எங்கள் மாமாவுடையது. தெருவே வரிசையில் நின்றது. வீடு வீடாக ஏறி இறங்கி எடுக்க வேண்டிய ரத்தம், ஒரே கம்பத்தடியில் கிடைத்துவிட்டது. கொண்டுவந்த கண்ணாடித் துண்டு தீர்ந்துபோனதால், "நாளைக்கு வருகிறேன்" என்று அவர் கும்பிட, அத்தை காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அவர் ஏன் ராத்திரியில் வந்தார்? யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் இரவில் எடுத்த ரத்தத்தில்தான் மைக்ரோஸ்கோப்புக்கு அவை மாட்டும். இன்றைக்கு அந்தப் பாடு குறைந்திருக்கிறது. பகலில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனை அட்டையில் விட்டால் பத்து நிமிடத்தில் கோடு தெரியும். அந்த அட்டை தேடுவது புழுவை அல்ல, முதிர்ந்த புழு நம் ரத்தத்தில் கலக்கிற சுரப்பை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த புழுவை அதன் சுரப்பே காட்டிக் கொடுக்கிறது! பக்கத்துப் புதுச்சேரியில் 1975 முதல் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. யானைக்கால் ஒழிப்பில் அந்த மையத்தின் உழைப்பு பெரியது. இந்த மேடையிலிருந்து அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். உடம்பு ஏன் விட்டுவைக்கிறது? புழு சும்மா படுத்துக் கிடப்பதில்லை. ஓயாமல் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. எலியின் குடலில் வாழும் ஒரு புழுவை வைத்து ஸ்காட்லாந்து விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட ஆய்வுகள் அருமையானவை. குடலில் ஒரு செல் காயப்பட்டுச் செத்தால் அதன் உட்கருவிலிருந்து இன்டர்லூகின் 33 என்ற புரதம் வெளியேறி, அபாயம் என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கும். இந்தப் புழு என்ன செய்கிறது தெரியுமா? ஒரு புரதத்தைச் சுரந்து, அந்த இன்டர்லூகினைச் செத்த செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. செய்தி வீட்டைவிட்டே கிளம்பாது. அதே புழுவின் இன்னொரு புரதம் அதைவிடச் சூட்சுமமானது. எதிர்ப்பை அடக்கி வைக்க நம் உடம்பு டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. புழுவின் புரதத்துக்கும் அதற்கும் அமைப்பில் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் செல்லின் மேல் அது பொருந்துகிற பூட்டு போன்ற அதே ஏற்பியில் போய்ப் பொருந்தி, எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை உருவாக்கிவிடுகிறது. கள்ளச்சாவி போட்டுப் பூட்டைத் திறப்பது போலத்தான்.

கொக்கிப்புழு இன்னொரு தினுசு. குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும்போது ரத்தம் உறையக் கூடாதல்லவா? உறைய விடாத புரதங்களைக் கடித்த இடத்திலேயே சுரக்கிறது. அதனால்தான் வாயை எடுத்த பிறகும் அந்த இடம் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆன்கைலோஸ்டோமா டியோடினேல் என்ற வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.15 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் போகும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வளர்கிற பெண்பிள்ளைக்கு அது எத்தனை பெரிய இழப்பு! தலைவர் ஐயாவுக்கு நன்றாகத் தெரிந்த நாய்க் கொக்கிப்புழுவிலிருந்து எடுத்த உறைதல் தடுப்புப் புரதம் ஒன்றை மனிதர்களுக்குக் கொடுத்தும் சோதித்தார்கள். மருந்தாக அது இன்னும் கடைக்கு வரவில்லை.

பூட்டு என்று சொன்னேன் அல்லவா? இனி என்னால் வேறு எதையும் பேச முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் கழிப்பறை கட்டியிருந்தார்கள், ஓடு பதித்திருந்தார்கள், ஆனால் பூட்டித்தான் கிடக்கும். சாவி அலுவலக மேசைக்குள் இருக்கும். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். தண்ணீர் வராது, கழுவ ஆள் இல்லை என்பது காரணம். பிள்ளைகள் மதிலுக்குப் பின்னால் சீமைக்கருவேல நிழலுக்குப் போனார்கள். நம் ஊர் மணல் மண், மழைக்காலத்து ஈரம், நிழல், கொக்கிப்புழு முட்டை பொரிய இதற்கு மேல் என்ன வேண்டும்? பத்து நாளுக்குள் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்காலோடு அங்கே போகிற அடுத்த பிள்ளையின் விரல் இடுக்கு வழியாக ஏறி, ரத்தத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகும்.

பிப்ரவரியில் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோமே என்பீர்கள். நல்ல காரியம், எந்தப் பிள்ளையும் அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு கற்றுக்கொள்கிறதே, அதுபோலப் புழு விஷயத்தில் நம்மைக் காக்கிற அளவுக்குக் கற்றுக்கொள்வதில்லை. அந்தப் புரதங்கள் கற்றுக்கொள்ள விடுவதில்லை. மாத்திரையில் புழு போகும், மதிலுக்குப் பின்னால் இருக்கும் அதே மண்ணிலிருந்து மறுபடி ஏறும். தடுப்பூசி கேட்கிறீர்களா? கொக்கிப்புழு சுரக்கும் ஒரு புரதத்தை வைத்தே தடுப்பூசி செய்து பிரேசிலில் போட்டுப் பார்த்தார்கள். ஏற்கனவே புழு வந்து போனவர்களின் உடம்பு அந்தப் புரதத்தை நினைவில் வைத்திருந்ததால் தடிப்புத் தடிப்பாக ஒவ்வாமை கிளம்பியது, நிறுத்திவிட்டார்கள். வேறு புரதங்களை வைத்து முயற்சி தொடர்கிறது. அது வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பது கழிப்பறையும் செருப்பும்தான்.

பிள்ளைகளுக்காக வந்த பணத்தில் கட்டிய கழிப்பறையைப் பிள்ளைகளுக்கே பூட்டி வைப்பது உண்ட வீட்டுக்கு இரண்டகம் இல்லாமல் வேறென்ன? புழுவுக்காவது அதைத் தவிரப் பிழைக்க வழி கிடையாது.

மூன்றாவது செய்தியை, மருந்தைப் பற்றி, இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். நேரமாகிவிட்டது என்று நூலகர் சீட்டு நீட்டுகிறார். அம்மையார் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வார்டிலுள்ள பள்ளிகளில் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பள்ளி நடக்கிற ஒரு நாளில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று ஆசிரியரைக் கேட்காமல் பிள்ளைகளைக் கேளுங்கள். கழுவுகிறவருக்கு மாதாமாதம் சம்பளம் போகிறதா என்றும் விசாரியுங்கள். எனக்குப் போர்த்த வைத்திருக்கும் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு வாளியும் குவளையும் வாங்கி ஏதாவது ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாவட்ட ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரையும், அங்கே கதவு திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேனா அங்கேயே இருக்கிறது. வணக்கம்.