பதிவேட்டைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடனுக்கு விண்ணப்பித்திருப்பீர்கள். தாள்கள் எல்லாம் சரியாக இருக்கும். எதிரே இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் ஏற்க மறுக்கிறது" என்பார். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட உண்டு, முடிவெடுத்தது அவர் இல்லையே! அப்படியானால் எடுத்தது யார்? செயற்கை நுண்ணறிவைத் துருவும் இதழியல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இந்த வேலைக்கு நிருபர் கணினி மேதையாக இருக்க வேண்டும், ரகசிய நிரலை எப்படியாவது கைப்பற்ற வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் நெடுநாள் பிடிவாதம் ஒன்று உண்டு. நிரல் கிடைக்காவிட்டால் போகட்டும். அது யாரை என்ன செய்தது என்ற பதிவேடு கிடைத்தால் போதும்.

அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தின் ப்ரவர்ட் வட்டாரத்தில் கைதானவர்களுக்குக் காம்பஸ் என்ற மென்பொருள் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டது. இவர் வெளியே போனால் மறுபடி குற்றம் செய்வாரா என்பதற்கான மதிப்பெண். விசாரணைக்கு முன் ஒருவரை வெளியே விடலாமா என்று முடிவெடுக்கையில் அதையும் பார்த்தார்கள். அதற்கு 137 கேள்விகள். "உங்கள் பெற்றோரில் யாராவது சிறைக்குப் போனதுண்டா?" என்று ஒன்று. "பசித்தவனுக்குத் திருட உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று இன்னொன்று. கைதாகி உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது! நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்விகூடக் கிடையாது.

மதிப்பெண் போடும் சூத்திரத்தை மென்பொருளைச் செய்த நிறுவனம் வெளியிடவில்லை. புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பொது ஆவணச் சட்டப்படி ஷெரிப் எனப்படும் வட்டாரக் காவல் தலைவரின் அலுவலகத்திடம் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கினார்கள். 2013, 2014ஆம் ஆண்டுகளில் கைதான ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயரையும் பிறந்த தேதியையும் நீதிமன்றப் பதிவுகளோடு ஒட்டிப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார்மீது புது வழக்கு வந்தது, யார்மீது வரவில்லை? பொருத்தியது சரிதானா என்று நானூறு வழக்குகளைத் தனியே எடுத்துச் சரிபார்த்தார்கள். சலிப்பூட்டும் குமாஸ்தா வேலைதான். ஆனால் 2016 மே மாதம் வந்த அந்தச் செய்தியின் பலமெல்லாம் அங்கேதான் இருந்தது.

கண்டது இது. புது வழக்கு எதுவும் வராதவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஆபத்தானவர் என்று தவறாக முத்திரை வாங்கியவர்கள், கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 45 பேர். வெள்ளையரில் 23 பேர்தான். நிறத்தைக் கேட்காமலே இப்படி!

நிறுவனம் மறுத்தது. ஒரே மதிப்பெண் வாங்கியவர்களில் இரு இனத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், ஆகவே பாரபட்சம் இல்லை என்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கும் தப்பில்லை. இரு பிரிவினர் மறுபடி கைதாகும் விகிதம் வேறுபடும் இடத்தில், தவறே செய்யாத கருவியைத் தவிர வேறெதுவும் நிருபர்கள் பார்த்த நியாயம், நிறுவனம் பார்த்த நியாயம் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது என்று கணித அறிஞர்கள் நிறுவிவிட்டார்கள். அப்படியானால் எந்தத் தவறை யார் தலையில் கட்டுவது என்று யாரோ தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதிகாரம் என்று நான் சொல்வது இதைத்தான். அந்தத் தேர்வு சட்டமன்றத்தில் விவாதிக்கப்படுவதில்லை. மென்பொருளை வாங்கும் ஒப்பந்தத்தோடு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பதிவேட்டைக் கேளுங்கள், ஒப்பந்தத்தையும் கேளுங்கள்.

என் பிடிவாதத்துக்கு விதிவிலக்கும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகராட்சி, உதவித்தொகை பெறுவோரில் யார் ஏமாற்றக்கூடும் என்று கணிக்க 315 விவரங்களைப் பார்க்கும் ஒரு கருவியை வைத்திருந்தது. லைட்ஹவுஸ் ரிப்போர்ட்ஸ் என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பின் நிருபர்கள் தகவல் கேட்டபோது கருவியையே கொடுத்துவிட்டது. பெண்ணா, டச்சு மொழி எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அந்த 315இல் இருந்தது 2023இல் வெளியே வந்தது. இதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை.

கடைசியாக ஒன்று, அவசரமாக. 2023 ஜனவரியில் டைம் இதழ் கென்யாவிலிருந்து ஒரு செய்தி வெளியிட்டது. சாட்ஜிபிடி கண்டதையும் பேசாமல் இருக்க, வன்முறையும் குழந்தைக் கொடுமையும் நிறைந்த பத்திகளைப் படித்து வகைப்படுத்தியவர்களைப் பற்றியது. அதற்கும் ஆதாரம் தாள்கள்தான். சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனம் இந்த வேலையை ஓர் இடை நிறுவனத்திடம் விட்டிருந்தது. அந்த ஒப்பந்தத்தில் மணிக்கு 12.50 டாலர். வேலை செய்தவர்களின் சம்பளச் சீட்டில் 2 டாலருக்கும் குறைவு. மீதி மற்றச் செலவுகளுக்கு என்றது அந்த இடை நிறுவனம். வணக்கம்.