கோந்து என்று பெயர் வாங்கிய செல்கள்

[திரை: நுண்ணோக்கியின் வழியே மூளைத் திசு. நடுவில் வாடிப்போன ஒரு நியூரான். அதைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் வீங்கிய செல்கள்.]

சாவு வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது. 'இவர்கள்தான் கொன்றிருப்பார்கள்' என்று யாராவது சொல்வோமா? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்றுதானே நினைப்போம். மூளை நோய்களை ஆராய்ந்தவர்களும் இந்தப் படத்தைப் பார்த்து அப்படித்தான் நினைத்தார்கள், பல பத்தாண்டுகளாக. அல்சைமர், பார்கின்சன், தசைகளைத் தளர வைக்கும் ஏ.எல்.எஸ். என்று பல நோய்களில், நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், சாகிற இடத்தில் இந்த வீங்கிய செல்கள் கூடி நிற்கும். நியூரான் செத்தது, இவை வந்தன. அவ்வளவுதான் கதை.

1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நரம்பியல் பயிற்சி மருத்துவராக இருந்தார் பென் பாரஸ். அவருக்கு இந்தக் கதை போதவில்லை. நரம்பு செல்கள் ஏன் அழிகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை, நிறுத்த மருந்தும் இல்லை. ஆனால் நோயியல் அறிக்கைகளைப் புரட்டினால், அழிவு இருக்கும் இடத்தில் எல்லாம் இந்தச் செல்களும் தாறுமாறாகக் கிடக்கின்றன. 1983இல் பயிற்சியை விட்டுவிட்டு ஹார்வர்டில் பிஎச்.டி.க்குச் சேர்ந்துவிட்டார். டாக்டருக்குப் படித்து முடித்தவர் மறுபடி மாணவராகப் போகிறேன் என்று கிளம்பினால் நம் வீடுகளில் என்னென்ன பேச்சு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

[திரை: பழைய ஜெர்மன் நூலின் பக்கம். ஓரத்தில் ஒரு கோந்து பாட்டில்.]

சரி, யார் இந்தச் செல்கள்? 1856இல் ருடால்ஃப் ஃபிர்கோ என்ற ஜெர்மன் மருத்துவர், நியூரான்களுக்கு நடுவே நிறைந்திருக்கும் பொருளுக்கு 'நியூரோகிளியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் கிளியா என்றால் கோந்து. நியூரான்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை என்று நினைத்தார். கோந்து என்று பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளாமல் போகுமா?

பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், கருவி. நியூரானுக்குள் மின்முனையைச் செருகினால் படபடவென்று மின்துடிப்பு கேட்கும். கிளியாவுக்குள் செருகினால் அந்தத் துடிப்பே கிடையாது. பேசாதவனுக்கு விஷயம் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவை கால்சியம் அலைகளால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன என்பது 1990இல்தான் படம் பிடிக்கப்பட்டது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'நியூரானைவிடக் கிளியா பத்து மடங்கு' என்று இன்னமும் பல வீடியோக்களில் வருகிறது. பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹவுசலின் குழு 2009இல் மூளையைக் கரைத்து ரசம் மாதிரி ஆக்கி, மிதக்கும் செல் கருக்களை எண்ணியது. சுமார் 8,600 கோடி நியூரான்கள். மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 8,500 கோடி. அதில் இரத்தக் குழாய்களின் செல்களும் அடக்கம். ஆகப் பாதிக்குப் பாதி, அதற்கு மேல் இல்லை.

[திரை: மூன்று செல்கள், ஒன்றன்பின் ஒன்றாக.]

முக்கியமானவை மூன்று. ஒலிகோடெண்ட்ரோசைட், நரம்பிழையின் மேல் மயலின் உறையைச் சுற்றுகிறது, மின்கம்பிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் உரிந்துபோவது இந்த உறைதான். இரண்டாவது மைக்ரோகிளியா. இது மூளையில் பிறந்ததே அல்ல. கரு உருவாகும் தொடக்க நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றி, அங்கிருந்து மூளைக்குள் குடியேறுகிறது. உயிருள்ள சுண்டெலியின் மூளையில் 2005இல் இதைப் படமெடுத்தபோது, 'ஓய்வு நிலை' என்று பாடப் புத்தகங்கள் சொன்ன நேரத்திலேயே கைகளை நீட்டி நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மூன்றாவது, அந்த நட்சத்திரம்: ஆஸ்ட்ரோசைட். ஒரு காலை இரத்தக் குழாயின் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சினாப்ஸைப் பொத்தி வைத்திருக்கும். சினாப்ஸ் என்றால் இரண்டு நியூரான்கள் சந்திக்கிற இடம்.

இனி பாரஸுக்கு வருவோம். செத்த மூளையை எத்தனை முறை பார்த்தாலும் யார் முதலில் வந்தார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு வகைச் செல்லையும் தனியாகப் பிரித்து உயிரோடு வளர்க்க வேண்டும். பிறகு இரண்டு வகைகளைச் சேர்த்து வைத்து, என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். மூளைத் துண்டைக் கரைத்தால் எல்லாம் கலந்துகட்டிய குழம்புதான் கிடைக்கும்.

[திரை: பெட்ரி தட்டு, மிக அருகில்.]

இந்தத் தட்டைக் கொஞ்சம் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் தட்டு. இதன் அடியில் ஓர் ஆன்டிபாடியைப் பூசியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. குறிப்பிட்ட புரதம் மேலே இருக்கிற செல்லை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். செல் குழம்பை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, மெல்ல அலசினால் வேண்டாதவை தண்ணீரோடு போய்விடும், வேண்டியது அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அரிசியில் கல் அரிக்கிற வேலையேதான், என்ன, இங்கே கல்லுக்கும் அரிசிக்கும் ஒரே நிறம். விழித்திரையின் நியூரான்களை இப்படிப் பிரித்தெடுத்த கட்டுரையை பாரஸ் பிஎச்.டி. மாணவராக இருக்கும்போதே, 1988இல் வெளியிட்டார். அப்புறம் வந்த முப்பது வருட வேலைக்கும் இந்தத் தட்டுதான் அடித்தளம்.

1990இல் பட்டம், அதன்பின் லண்டன், 1993இல் ஸ்டான்ஃபோர்ட். அங்கே தனியாகப் பிரித்த நியூரான்களை வளர்த்தபோது அவை உயிரோடுதான் இருந்தன, ஆனால் தங்களுக்குள் சரியாகப் பேசவில்லை. ஆஸ்ட்ரோசைட்டுகளைப் பக்கத்தில் வைத்ததும் நிலைமை மாறியது. சினாப்ஸ்கள் சுமார் ஏழு மடங்கு கூடின என்று 2001இல் அவரது குழு எழுதியது. பசை செய்கிற வேலையா இது?

(பாரஸின் வாழ்க்கைக்கே தனி வீடியோ போட வேண்டும். அவர் ஒரு திருநம்பி. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிக்குத் தேர்வான, தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட முதல் மாற்றுப்பாலினத்தவர், 2013இல்.)

[திரை: பழைய முறையில் வளர்த்த தட்டையான ஆஸ்ட்ரோசைட், பக்கத்தில் கிளைகள் விரிந்த ஆஸ்ட்ரோசைட்.]

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. 1980இலிருந்து உலகம் முழுக்க ஆஸ்ட்ரோசைட்டை ஒரே முறையில்தான் வளர்த்தார்கள். எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் போட்டு, இராத்திரி முழுக்கக் குலுக்கி, உதிர்ந்தது போக ஒட்டி நிற்பதைச் சீரத்தில் வளர்ப்பது. சீரம் இரத்தத்திலிருந்து வருவது. நலமாக இருக்கும் மூளையில் ஆஸ்ட்ரோசைட்டின் மேல் நேரடியாக இரத்தம் படாது. அடிபட்டால்தான் படும். அதாவது, இயல்பான செல் என்று நினைத்து ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பாதி காயம்பட்ட செல்லை! சீரம் இல்லாமல் வளர்க்கும் வழியை பாரஸின் ஆய்வகம் 2011இல்தான் கண்டுபிடித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த நோய்க்கும் அது மருந்து சொல்லவில்லை. ஆனால் அது இல்லாமல் அடுத்தது நடந்திருக்காது.

அதற்குள் வேறு இடங்களிலும் சாட்சிகள் சேர்ந்துவிட்டன. ஏ.எல்.எஸ். நோயில் முக்கியமாகத் தசையை இயக்கும் நியூரான்கள் அழிகின்றன. கை கால் தளர்ந்து, கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும். சில குடும்பங்களில் இதற்குக் காரணம் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் வரும் பிறழ்வு. 2007இல் இரண்டு குழுக்கள், பிறழ்ந்த மரபணு உள்ள சுண்டெலியின் ஆஸ்ட்ரோசைட்டுகளை எடுத்து, ஒரு குறையும் இல்லாத இயக்க நியூரான்களோடு சேர்த்து வளர்த்தன. நியூரான்கள் செத்தன. அந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் இருந்த திரவத்தை மட்டும் ஊற்றினாலும் செத்தன. துக்கம் விசாரிக்க வந்தவர் என்று இனிமேல் எப்படிச் சொல்வது?

இதைவிடத் தெளிவான வழக்கு அலெக்சாண்டர் நோய். அரிதானது. பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும். தலை பெரிதாகும், வலிப்பு வரும், மூளையின் வெள்ளைப் பகுதி குலையும். 1949இல் விவரிக்கப்பட்ட இந்த நோயின் காரணம் 2001இல் தெரிந்தது: ஜி.எஃப்.ஏ.பி. என்ற மரபணு. மூளையில் அது வேலை செய்வது முக்கியமாக ஆஸ்ட்ரோசைட்டுக்குள். பிழை அங்கே, சேதம் மூளை முழுக்க.

[திரை: பார்வை நரம்பும் தண்டுவடமும்.]

யார் குற்றவாளி என்பது ஏட்டுச் சண்டை மட்டும் இல்லை. நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்று ஒரு நோய். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். நெடுங்காலம் இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே பலரும் வைத்திருந்தார்கள். 2004, 2005இல் உண்மை வெளிவந்தது. உடலின் எதிர்ப்பு சக்தி இங்கே தாக்குவது மயலினை அல்ல, ஆஸ்ட்ரோசைட்டின் காலில் இருக்கும் அக்வாபோரின்-4 என்ற தண்ணீர் வாசலை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டாவைக் கொடுத்தால் இவர்களுக்கு நோய் முற்றக்கூடும். இப்போது ஓர் இரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் இரண்டையும் பிரித்துவிடலாம்.

[திரை: மைக்ரோகிளியாவிலிருந்து ஆஸ்ட்ரோசைட்டுக்கு மூன்று அம்புகள்.]

2017 ஜனவரியில் பாரஸின் ஆய்வகத்திலிருந்து ஷேன் லிடெலோவ் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வந்தது. சீரம் படாத ஆஸ்ட்ரோசைட் கையில் இருந்ததால் செய்ய முடிந்த வேலை அது. கிளர்ந்தெழுந்த மைக்ரோகிளியா மூன்று புரதங்களை வெளியே விடுகிறது. மூன்றும் சேர்ந்து பட்டதும் ஆஸ்ட்ரோசைட் குணம் மாறிவிடுகிறது. சினாப்ஸைப் பராமரிப்பதை விட்டுவிட்டு, நியூரானைக் கொல்லும் எதையோ கசிய விடுகிறது. சுண்டெலியின் பார்வை நரம்பு நசுங்கிய பிறகு அந்த மூன்றையும் தடுத்தபோது, சாக வேண்டிய நியூரான்கள் பிழைத்தன. அல்சைமர், பார்கின்சன், ஹண்டிங்டன், ஏ.எல்.எஸ். நோய்களில் இறந்தவர்களின் மூளையிலும் இந்தக் குணம் மாறிய செல்கள் கிடைத்தன.

அந்த வருடம் டிசம்பரில் கணையப் புற்றுநோயால் பாரஸ் இறந்தார்.

இதோடு வழக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கெட்ட ஆஸ்ட்ரோசைட்டுக்கு ஏ1, நல்லதற்கு ஏ2 என்று அந்தக் கட்டுரை பெயர் வைத்திருந்தது. சினிமா வில்லன், கதாநாயகன் மாதிரி எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2021இல் இந்தத் துறையின் பெரும்பட்டாளமே சேர்ந்து எழுதிய கட்டுரை, அந்த இரட்டைப் பிரிவு வேண்டாம், இந்தச் செல்களின் நிலைகள் பல என்று சொன்னது. சரியாகத்தான் சொன்னது. அதே வருடம் லிடெலோவின் குழு, கசிகிற நஞ்சின் முக்கியப் பங்கு நீண்ட சங்கிலி கொண்ட நிறைவுற்ற கொழுப்புகள் என்று காட்டியது.

மைக்ரோகிளியா பக்கமும் குழப்பம் குறைவில்லை. மைக்ரோகிளியாவில் வேலை செய்யும் ட்ரெம்2 என்ற மரபணுவின் வேலையைக் குறைக்கும் ஓர் அரிய மாற்றம் இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது என்று 2013இல் தெரிந்தது. அப்படியானால் ட்ரெம்2-ஐத் தூண்டிவிட்டால் நல்லதுதானே என்று மருந்து செய்து, தொடக்க நிலை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2024இல் முடிவு வந்தது: நோய் மெதுவாகவில்லை. தூண்டியது தவறா, தூண்டிய நேரம் தவறா? பிஎச்.டி.க்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இருந்தால் இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திக் குறித்துக்கொள்ளலாம்.

[திரை: மறுபடி அதே பெட்ரி தட்டு. ஒரு கை மெல்லச் சாய்த்து அலசுகிறது.]