முதல்ல கீசரைப் பாருங்க

வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்னு எங்கெங்கேயோ இருந்து கேட்டுக்கிட்டிருக்கிற அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் வணக்கம். நான் எலக்ட்ரீஷியன், வீட்டை முழுக்க சோலார்ல ஓட்டுறதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

2023ல லோட்ஷெடிங், அதாவது முறை வெச்சு கரண்டை நிறுத்துறது, ஸ்டேஜ் ஆறு வரைக்கும் போய் ஜனங்க இருட்டுல அல்லாடினாங்க, அந்த பயத்துலயே இன்னைக்கும் வர்றவங்க எல்லாம் மொதல்ல எத்தனை பேட்டரி வாங்கணும்னுதான் கேக்குறாங்க. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், உங்க கீசர் எத்தனை லிட்டர்?

ஏன்னா நம்ம வீட்ல கரண்டை அதிகமா குடிக்கிறது பெரும்பாலும் கீசர்தான். 150 லிட்டர் தண்ணியை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு சூடாக்க சுமார் 7 யூனிட் ஆகும், ஆனா நிறைய பேர் வாங்குற ஒரு பேட்டரியில மொத்தமே 5 யூனிட்தான் நிக்கும். ராத்திரி அந்த பேட்டரியில கீசரை ஓடவிட்டா ஃப்ரிட்ஜுக்கும் லைட்டுக்கும் என்ன மிஞ்சும் சொல்லுங்க. அதனால ஒரு டைமர் போட்டு, பகல் பத்து மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் வெயில் நல்லா இருக்கும்போதே தண்ணியை சுட வெச்சிருங்க, டேங்க் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், சாயங்காலம் புள்ளைங்க குளிக்கலாம், அதுதான் உங்க விலை குறைஞ்ச பேட்டரி. கையில காசு இருந்தா, வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்து தண்ணியை சுட வைக்கிற ஹீட் பம்ப் போடுங்க, அதே தண்ணிக்கு சுமார் மூணுல ஒரு பங்கு கரண்ட்தான் ஆகும்.

நாம பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறதால பேனல் நமக்கு வடக்கு பாத்து இருக்கணும், இந்தியாவுல இருக்கிற சொந்தக்காரர் தெற்குன்னு சொன்னா அது அவங்க ஊருக்கு சரி. டர்பன்ல மழையும் மேகமும் கோடையிலதான் ஜாஸ்தி, ஜூன் ஜூலையில பகல் சின்னது ஆனா வானம் தெளிவா இருக்கும், அதனால குளிர்காலத்தை நெனச்சு பயப்பட வேணாம்.

சமையலுக்கு கேஸை விட்டுட்டு இண்டக்ஷனுக்கு மாறலாம், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க பானை அடியில ஒரு காந்தத்தை வெச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா சூடாகாது. பித்தளை பொங்கப் பானையும் பிரியாணி போடுற பெரிய அலுமினிய அண்டாவும் அதுல வேலை செய்யாது, அதை எல்லாம் தூக்கிப் போட்றாதீங்க அக்கா, நல்ல நாளைக்கு முற்றத்துல விறகு அடுப்பு இருக்கவே இருக்கு.

இன்னொண்ணு, கூரையில பேனல் மட்டும் இருந்தா லைன் போனதும் அதுவும் நின்னுரும், ஏன்னா தெருவுல வயர் மாத்துற ஆளு மேல கரண்ட் பாயக்கூடாதுன்னு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டரே அணைஞ்சுக்கும். அந்த நேரத்துல வேலை செய்யணும்னா பேட்டரியும் பேக்கப்புக்குன்னு தனி டிபியும் (கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற சுவிட்ச் பெட்டி) வேணும், கீசரை அந்த டிபியில சேர்க்காதீங்க. வேலை முடிஞ்சதும் வயரிங் விதிப்படி பாதுகாப்பா இருக்குன்னு சொல்ற காம்ப்ளையன்ஸ் சர்டிஃபிகேட்டை கையில வாங்கிட்டு, முனிசிபாலிட்டியில பதிவு பண்ணியாச்சான்னு கேட்டுட்டு அப்புறம் பாக்கிப் பணத்தைக் குடுங்க.