அசையாமல் கிடக்கும் முக்கால் மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். ஆனால் இன்று இலக்கணம் பேச வரவில்லை. இடுப்பில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரை இழுக்கும் ஒரு வலி 11 ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறது. அதனோடு மூன்று முறை, காந்தத்தால் உடம்பின் உட்புறத்தைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்து எழுந்தவள் என்பதால், அந்த நேரத்தைக் கடப்பது எப்படி என்று சொல்லும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். அதனோடு வாழ்பவர்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதே இல்லை. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்துக்கொரு முறை ஒருக்களிப்போம், காலை நீட்டுவோம், தூணில் சாய்வோம். அந்த அசைவுதான் எங்கள் கைமருந்து. எந்திரம் விடச் சொல்வதும் அதைத்தான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. (அந்த ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் நம் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மேக்; 1979இல் நோபல் பரிசு பெற்றவர்.) எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தப்புலத்தில் எழுப்பும் மிக மெல்லிய சமிக்ஞையைத் திரும்பத் திரும்பச் சேர்த்துத்தான் அது படம் வரைகிறது. ஆகவே, ஒரு படத்துக்கான நான்கைந்து நிமிடங்களின் நடுவில் கால் துடித்தாலும் அந்தப் படமே கலங்கிப்போகலாம்.

முதல் முறை நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பொறுத்துக்கொள் என்பதுதானே நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குச் சொல்லும் முதல் பாடம்! தைப்பூசத்தன்று அம்கெனி சாலைக் கோயிலில் அலகு குத்தி நடப்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவளுக்கு இது என்ன பெரிது என்று நினைத்தேன். இருபதாவது நிமிடத்தில், இறுக்கிப் பிடித்திருந்த கெண்டைக்காலே தானாக நடுங்கத் தொடங்கியது. கடைசி இரண்டு படங்களையும் மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காவடி எடுப்பவர் ஆடிக்கொண்டே இருக்கிறார் என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. அசைந்துகொண்டு வலியைத் தாங்குவது வேறு. அசையாமல் தாங்குவது முற்றிலும் வேறு.

முடிந்தபின், ஸ்கேன் எடுத்த ரேடியோகிராஃபர், ஒரு ஜூலுப் பெண், "கோகோ, முன்பே சொல்லியிருந்தால் முழங்காலுக்கடியில் மெத்தை வைத்திருப்பேனே" என்றாள். பாட்டி என்று அழைத்ததைவிட அந்த மெத்தைதான் என்னைச் சுட்டது.

அடுத்த முறை தேதி கிடைத்த அன்றே வீட்டில் பாய் விரித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். வெறுமனே 12 நிமிடம். முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்தால் 35 நிமிடம். "எனக்கு ரொம்ப வலி" என்று சொல்வதைவிட இந்த இரண்டு எண்களை ஸ்கேன் எடுப்பவர்களிடம் தொலைபேசியில் சொன்னது அதிகம் பயன்பட்டது. வலி மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினால் ஸ்கேன் நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மயக்கம் தரும் மருந்து கொடுத்தால் வண்டி ஓட்ட வேறொருவர் உடன் வர வேண்டும். தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிலவற்றின் பின்புறம் உலோகப் படலம் இருக்கும், அது எந்திரத்துக்குள் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் என் சேலைக் கொசுவத்தில் ஒரு ஊக்கு மிச்சமிருந்தது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் விழித்தே இருக்கிறது. ஆகவே, உடை மாற்றும் அறையிலேயே எல்லாம் போக வேண்டும்.

உள்ளே எழும் சத்தம் காதடைப்பையும் மீறும். காந்தத்துக்குள் கம்பிச்சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்வதால் அவை அதிர்ந்து எழுப்பும் சத்தம் அது. உருமிபோல ஒரு சீர் இருந்ததால் ஆதி தாளத்தில் எண்ணத் தொடங்கினேன். பெருவிரல் தானாகத் தாளம் போடப் பார்த்தது. அதை அடக்கி, மனத்துக்குள் மட்டும் எண்ணினேன். ஒவ்வொரு படமும் எத்தனை நிமிடம் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னால் சொல்வார்கள். ஐந்து நிமிடம் என்று தெரிந்த வலி, எப்போது முடியும் என்று தெரியாத வலியைவிடச் சிறியது. கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அழுத்தி நிறுத்தச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். ஆனால் படங்களுக்கு நடுவில் சத்தம் ஓயும்போது புரண்டு படுத்துவிடாதீர்கள், அடுத்த படத்துக்குக் குறித்து வைத்த இடம் மாறிவிடும்.

முடிந்ததும் துள்ளி எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்திருங்கள்.

எனக்கு அடுத்த ஸ்கேன் ஜூலையில். பாயையும் கடிகாரத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். போன வாரம் படுத்துப் பார்த்ததில் 35 நிமிடம் 31 ஆகக் குறைந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.